பயிற்றப்பட்ட ஆசிரியர் மயில்வாகனனார்

சில ஆண்டுகளின் முன், உயர்தர வகுப்பிலே கணிதப் பிரிவிற் சேர்ந்திருந்த மாணவன் ஒருவன், சாதாரணதரத்திற்கென நம்மிடம் இரவல் பெற்றிருந்த இலக்கண நூலைத் திருப்பித் தரும்பொருட்டு வந்தான். புத்தகத்தை மேசைமீது வைத்துவிட்டு, "இனி எனக்கு இது தேவைப்படாது, ஐயா" என்றான். அவன் கூற்றில் அவமதிப்பு எதுவும் இருக்கவில்லை. பரீட்சை முடிந்தது, பாடம் முடிந்தது, கணக்குத் தீர்ந்தது என்பதே அவன் கருத்து. நாமும் அன்று மறுமொழி கூறாது புத்தகத்தை அலுமாரியில் வைத்தோம். ஆயினும், மறுமொழி ஒன்று இல்லாமற் போகவில்லை. அம்மறுமொழி ஒரு மனிதருடைய வாழ்க்கையாக இருந்தமையால், நின்ற நிலையிற் சொல்லி முடித்தல் இயலாதாயிற்று. அதனையே இம்மலரில் எழுதப் புகுந்தோம்.

விபுலாநந்த அடிகளாரை அறியாதார் ஈழத்திலே தமிழ் பயில்வாருள் இலர். காவியுடையும் தலைப்பாகையும் பூண்ட அவருடைய படம் பாடசாலை மண்டபங்கள் பலவற்றிலே தொங்குகின்றது. யாழ்நூல் தந்தவர், இருபெரும் பல்கலைக்கழகங்களில் முதற் றமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தவர், துறவி என்பன அப்படத்தின் கீழ் எழுதப்படுவன. இவையாவும் உண்மையே. ஆனால், இவற்றுக்கெல்லாம் முன்னதாக அவர் ஒரு பாடசாலை ஆசிரியர். அதிலும், கொழும்பு அரசினர் ஆசிரிய கலாசாலையிலே பயின்று தராதரப் பத்திரம் பெற்ற பயிற்றப்பட்ட ஆசிரியர். அப்பத்திரத்தையே தம் தகைமையாகக் கொண்டு பிழைக்கும் நம்போன்றாருக்கு இச்செய்தி தரும் மகிழ்ச்சியை மறைத்தற்கில்லை.

மட்டக்களப்புக்குத் தெற்கே, கடலை அடுத்துள்ள காரைதீவிலே, 1892ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27ஆம் நாள், சாமித்தம்பி என்பார்க்கும் கண்ணம்மையார்க்கும் மைந்தராய்ப் பிறந்தவர் மயில்வாகனனார். ஊரிலே குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் எழுத்தறிவு பெற்றார். பின்னாளிற் புகழெய்திய காலத்தும் அவ்வாசிரியரை மறவாது செய்யுளாற் போற்றினார் என்பது, தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் அறிந்து வைத்துக்கொள்ளத்தக்க செய்தி. தமிழிலக்கியத்தைப் புலோலி வைத்தியலிங்க தேசிகரிடம் கற்றார். பின்னர் கல்முனையிலுள்ள மெதடிஸ்த பாடசாலையிலும், மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி பயின்றார். மிக்கேல் கல்லூரியிலே பொனல் பாதிரியார் கணிதத்தில் அவருக்கிருந்த ஆற்றலைக் கண்டு வளர்த்தார். 1908ஆம் ஆண்டிலே, பதினாறு வயதிற் கேம்பிரிட்ஜ் சீனியர்ப் பரீட்சையிற் சித்தியெய்தினார்.

அக்காலத்திலே அப்பரீட்சையிற் சித்தியெய்தினார்க்கு அரசாங்கக் கந்தோர்களின் கதவுகள் திறந்திருந்தன. எழுதுவினைஞராய்ப் புகுந்து, படிப்படியாய் உயர்ந்து, ஓய்வூதியத்துடன் ஊர் திரும்புதல் அக்கால இளைஞர்தம் கனவு. மயில்வாகனனார் அவ்வழியிற் செல்லாது, தாம் பயின்ற கல்லூரியிலேயே ஆசிரியரானார். 1911இற் கொழும்பு ஆசிரிய கலாசாலையிற் சேர்ந்து, ஈராண்டுப் பயிற்சி பெற்று வெளியேறினார். கொழும்பில் இருந்த அந்நாட்களிலும் தமிழை நெகிழவிடாது, தென்கோவைப் பண்டிதர் கந்தையபிள்ளை முதலியோரை அடுத்துப் பழந்தமிழ் நூல்களைப் பாடங்கேட்டார். பகலிலே ஆங்கிலத்தில் ஆசிரியப் பயிற்சி, மாலையிலே தமிழில் இலக்கணம் என்றவாறு அவருடைய பொழுது இருகூறாய்ப் பகுக்கப்பட்டிருந்தது. அப்பகுப்பு அவர் வாழ்நாள் முழுவதும் நீடித்தது.

பயிற்சி முடிந்ததும் மட்டக்களப்புப் பகுதிப் பாடசாலைகளிற் கற்பித்தார். சான்றிதழ் கையில் உண்டு, வேலை உண்டு, ஊரில் மதிப்பும் உண்டு. நம்மிற் பலர் இந்த இடத்திலே நின்றுவிடுகின்றோம். அவரோ 1915இல் மீண்டும் மாணவராய்க் கொழும்புக்குச் சென்று, அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்து, அடுத்த ஆண்டு விஞ்ஞானத்திலே டிப்ளோமாப் பட்டம் பெற்றார். அதே 1916இலேதான் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். ஈழத்தவருள் அப்பரீட்சையில் முதன்முதற் றேறியவர் அவரே என்பர். ஒரே ஆண்டில் இரசாயனமும் தொல்காப்பியமும்! இவ்விரண்டுக்கும் இடையிலே ஒரு மதிலிருப்பதாக அவர் கருதவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

1917இல் யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞான ஆசிரியராக அமர்ந்தார். அங்குக் கற்பித்துக்கொண்டே இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டப் பரீட்சைக்குத் தாமாகவே படித்து, பீ. எஸ்ஸி. பட்டம் பெற்றார். அது எத்தகைய உழைப்பு என்பதை இக்கால மாணவர் உணர்தல் அரிது. இத்தீவிலே அப்போது பல்கலைக்கழகம் இல்லை. கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டதே 1921ஆம் ஆண்டில். கடல்கடந்து செல்ல வசதியில்லாதார், இலண்டனிலிருந்து வரும் பாடவிதானத்தைப் பார்த்து, கிடைத்த நூல்களைக் கொண்டு, வழிகாட்டுவாரின்றிப் படிக்கவேண்டும். பகல் முழுவதும் வகுப்பிலே நின்று பேசிக் களைத்த ஒருவர், இரவு விளக்கின் முன் அமர்ந்து பௌதிகமும் கணிதமும் பயின்று, இலண்டன் மாணவர்களுக்கு வகுக்கப்பட்ட அதே பரீட்சையை எழுதித் தேறவேண்டும்.

1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவி அவரை நாடி வந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. அதிபராயிருந்த காலத்திலே அவர் ஈடுபட்ட பணிகளுள் ஒன்றை இங்குத் தனித்தெடுத்துக் கூறல் வேண்டும். 1921இல் யாழ்ப்பாணத்திலே ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் நிறுவப்பட்டபோது அதன் முன்னோடிகளுள் ஒருவராய் நின்றார். பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என மூன்று படிகளாகப் பரீட்சைகளை நடத்தியது அச்சங்கம். அதற்கு முன் தமிழ் கற்றவர் ஒருவருடைய புலமைக்கு அளவுகோல் யாதெனில், அவருடைய குரு இன்னார் என்பதே. புலமை மெய்யாயிருப்பினும், பாடசாலை முகாமையாளரிடத்தும் கல்விப் பகுதியாரிடத்தும் காட்டுதற்குக் கடுதாசி இல்லை. ஆங்கிலம் கற்றவன் கையிலே சான்றிதழ் இருந்தது. தமிழ் கற்றவன் நெஞ்சிலே நூல்கள் இருந்தன. சம்பளப் பட்டியலோ நெஞ்சைத் திறந்து பார்ப்பதில்லை. இச்சங்கத்தின் பரீட்சைகள் இக்குறையை ஓரளவு நீக்கின. தமிழாசிரியர் தலைமுறை ஒன்று நிமிர்ந்து நடப்பதற்கு அக்கடுதாசி உதவிற்று.

இதனை எழுதும்போது நம் சொந்த அனுபவம் ஒன்று நினைவுக்கு வருகின்றது. நாம் முதன்முதற் பணியேற்ற பாடசாலையிலே (பெயர் வேண்டா) ஆசிரியர் அறையிற் பட்டதாரி ஆசிரியர்களுக்கென ஒரு நீண்ட மேசையும் கதிரைகளும் இருந்தன. ஏனையோருக்கு வாசலோரம் ஒரு வாங்கு. அவ்வாறு இருக்கவேண்டுமென ஒருவரும் விதித்ததில்லை. ஆயினும், புதிதாய் வந்த நாம் அறியாது மேசையில் அமர்ந்தபோது, ஓர் அன்பர் மிக்க மரியாதையுடன், "தமிழ் மாஸ்டர் அங்கே இருப்பார்" என்று வாங்கைக் காட்டினார். அன்று மாலையே அடிகளாரின் வரலாற்று நூலொன்றை நூலகத்தில் எடுத்தோம் என்று எழுதினால் அழகாயிருக்கும், அவ்வாறு நிகழவில்லை. அந்த வாங்கிலேயே ஐந்தாண்டுகள் இருந்தோம். அடிகளார் பயிற்றப்பட்ட ஆசிரியர் என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே தற்செயலாக அறிந்தோம்.

1922இல் மயில்வாகனனார் மானிப்பாய் அதிபர் பதவியைத் துறந்து, சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். பிரமசரிய நிலையிற் பிரபோத சைதந்யர் என்னும் பெயர் பூண்டார். 1924இற் சுவாமி சிவாநந்தரிடம் துறவுபெற்று விபுலாநந்தர் ஆயினார். வரலாறு எழுதுவோர் இவ்விடத்திலே ஒரு கோடு கிழித்து, ஆசிரியர் மறைந்தார், துறவி தோன்றினார் என்பதுபோல எழுதுதல் வழக்கம். நமக்கு அது உடன்பாடன்று. மடத்திலே அவருக்கு இடப்பட்ட பணி, இராமகிருஷ்ண விஜயம் என்னும் தமிழ்ச் சஞ்சிகையையும் வேதாந்த கேசரி என்னும் ஆங்கிலச் சஞ்சிகையையும் நடத்துதல். 1924இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்திலே அவர் நாடகத்தைப்பற்றி ஆற்றிய உரை வளர்ந்து, 1926இல் மதங்க சூளாமணி என்னும் நூலாய் வெளிவந்தது. செகசிற்பியாரின் நாடகங்கள் பன்னிரண்டை எடுத்துக்கொண்டு, சுவையும் மெய்ப்பாடும் பற்றித் தமிழ் நூல்கள் கூறும் இலக்கணத்தின் வழிநின்று அவற்றை ஆராய்வது அந்நூல். துறவு பூண்ட ஒருவருக்கு இஃது என்ன வேலை எனச் சிலர் வியக்கலாம். வகுப்பறையை அறிந்தவர் வியப்பதில்லை. ஆங்கில பாடத்திற் கண்ட நாடகத்தைத் தமிழ் பாடத்திற் கேட்ட இலக்கணத்தோடு மாணவன் மனத்திலே இணைத்து வைப்பது நல்லாசிரியன் செயல்.

1925இல் ஈழத்துக்கு மீண்ட அடிகளாரிடம் இராமகிருஷ்ண சங்கத்தின் பாடசாலைகளை நடத்தும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. திருகோணமலை இந்துக் கல்லூரி அவ்வாண்டிலே சங்கத்தின் கைக்கு வந்தது. அதன் முகாமையாளராகவும் அதிபராகவும் அவர் பணியாற்றினார். யாழ்ப்பாணத்திலே வைத்தீசுவர வித்தியாலயம், காரைதீவிலே பெண்பிள்ளைகளுக்கென நிறுவப்பட்ட சாரதா வித்தியாலயம் ஆகியவற்றிலும் அவருடைய உழைப்புக் கலந்துள்ளது. முகாமையாளர் என்றால் என்னவென்பதை இன்றைய மாணவர்க்கு விளக்குதல் வேண்டும். அக்காலப் பாடசாலைகளுட் பெரும்பாலன அரசாங்கத்தின் உதவிப்பணம் பெறுவன. ஆயினும் அரசாங்கத்துக்கு உரியன அல்ல. கட்டடம் எழுப்புதல், தளபாடம் தேடுதல், ஆசிரியரை நியமித்தல், மாணவர் வரவைக் காட்டி உதவிப்பணம் பெறுதல், அது போதாவிடத்து ஊராரிடம் கையேந்துதல் ஆகிய அனைத்தும் முகாமையாளர் தலைமேல் விழும். வரவு குறைந்தால் உதவிப்பணம் குறையும். அந்நிலையிற் சம்பளம் யார் கொடுப்பது? இந்த ஏற்பாடு 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் மாறி, உதவிபெறும் பாடசாலைகளுட் பெரும்பாலன அரசாங்கத்தின் பொறுப்பாயின. அது நன்றா தீதா என்னும் வழக்கு பழைய மாணவர் கூடுமிடங்களில் இன்னும் முடிந்தபாடில்லை. அதனை அவர்களிடமே விட்டுவிடுகின்றோம்.

அவர் தம் கையாலேயே தொடக்கமுதல் வளர்த்த பாடசாலை, மட்டக்களப்பு வாவிக்கு அப்பால் கல்லடி உப்போடையிலே 1929இல் திறக்கப்பட்ட சிவாநந்த வித்தியாலயம். தமக்குத் துறவு தந்த குருவின் பெயரையே பாடசாலைக்கு இட்டார். அதனை அடுத்து, தாய் தந்தையரை இழந்த சிறுவர்களுக்கும் வறிய குடும்பத்துச் சிறுவர்களுக்கும் மாணவர் இல்லம் அமைந்தது. கிழக்கிலங்கையிலே ஆங்கிலக் கல்வி பெறவிரும்பிய சைவப் பிள்ளைகள், அடிகளாரே இளமையிற் செய்ததுபோல, பாதிரிமாரின் கல்லூரிகளை நாடவேண்டியிருந்த காலம் அது. அக்கல்லூரிகளை அவர் பழித்துப் பேசியவரல்லர். பொனல் பாதிரியாரிடம் கணிதம் கற்றவர், பத்திரிசியார் கல்லூரியிற் கற்பித்தவர் அவ்வாறு பேசுவது எங்ஙனம்? தம் சமயத்தோடும் தம் மொழியோடும் அதே தரத்துக் கல்வியைப் பெற ஓரிடம் வேண்டும் என்பதே அவர் நோக்கம். கட்டணம் செலுத்த இயலாத பிள்ளைக்கும் அவ்விடம் திறந்திருத்தல் வேண்டும் என்பது அதனினும் மேலான நோக்கம். இலவசக் கல்வி இந்நாட்டிலே 1945இலேதான் வந்தது என்பதை இங்கு நினைத்தல் தகும்.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. சிதம்பரத்தை அடுத்த திருவேட்களத்திலே பேராசிரியராய் வாழ்ந்த இரண்டாண்டுகளிலும், பகலிற் பட்டதாரி மாணவர்க்குச் சிலப்பதிகாரம் கற்பித்தவர், மாலையில் அயலிலுள்ள சேரிக்குச் சென்று, அங்குள்ள பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்தார். சாதியின் பெயராற் கோயில் வாயிலும் பாடசாலை வாயிலும் அடைக்கப்பட்டிருந்த பிள்ளைகள் அவர்கள். இதனைப் படிக்குந்தோறும் நமக்கு நாணம் உண்டாகின்றது. நம் நாட்டிலே, நம் சமயத்தவர் நடத்திய பாடசாலைகளிலேயே, பிள்ளைகள் சிலர் வாங்கில் இருக்க, சிலர் நிலத்தில் இருந்த காலம் மிகப் பழமையானதன்று. விழா மலர்களில் இதனை எழுதுவது வழக்கமில்லை. அடிகளாரைப்பற்றி எழுதிக்கொண்டு இதனை விழுங்கிவிடுதல் நேர்மையாகாது.

விஞ்ஞான ஆசிரியர் என்ற முறையில் அவர் தமிழுக்குச் செய்த உதவிகளுள் ஒன்று கலைச்சொல்லாக்கம். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1936இற் கூட்டிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். பௌதிகம், இரசாயனம், கணிதம் முதலிய துறைகளுக்குக் குழுக்கள் அமைந்தன. ஏறக்குறைய 10,000 சொற்களைக் கொண்ட தொகுதி 1938இல் வெளிவந்தது. சொல்லாக்குவதில் இடர்ப்பாடு யாதெனச் சிறிது கூறுவோம். ஆங்கிலச் சொல் ஒன்றுக்குத் தமிழிலே பொருள் கூறிவிடுதல் எளிது. அச்சொல்லினின்று ஆங்கிலத்திற் பிறக்கும் பெயரும் வினையும் அடையும் தமிழிலும் பிறத்தல் வேண்டும். ஒரு துறையில் ஆண்ட சொல் இன்னொரு துறையிலே வேறு பொருள் தந்து மயக்குதல் கூடாது. மூலகங்களின் பெயர்களை மொழிபெயர்ப்பதா, ஒலிபெயர்ப்பதா எனவும் துணிதல் வேண்டும். ஈழத்திலே ஒட்சிசன், ஐதரசன் என ஒலிபெயர்ப்பை ஏற்றோம். தமிழகத்தார் பிராணவாயு என்றும் உயிர்வளி என்றும் ஆக்சிஜன் என்றும் வெவ்வேறு காலங்களில் எழுதினர். எதனை ஏற்பினும், தமிழ் இலக்கணம் அறியாத விஞ்ஞானியும் விஞ்ஞானம் அறியாத பண்டிதரும் தனித்தனியே அமர்ந்து இதனைச் செய்து முடித்தல் இயலாது. இரண்டும் அறிந்த ஒருவர் தலைமையிலே இருவரும் ஒரே மேசையில் அமரவேண்டும். அத்தகைய ஒருவராய் அப்போது அடிகளார் இருந்தார்.

1939 முதல் ஈராண்டுகள் இமயமலைச் சாரலிலே மாயாவதியில் இருந்து பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கிலச் சஞ்சிகையை நடத்தினார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் றமிழ்ப் பேராசிரியராயினார். இக்காலமெல்லாம் அவர் உள்ளத்திலே ஓர் ஆராய்ச்சி நிகழ்ந்துகொண்டிருந்தது, அதுவே யாழ்நூல்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலும் அதன் உரையிலும் யாழைப்பற்றிய குறிப்புகள் உள்ளன. பேரியாழுக்கு இருபத்தொரு நரம்பு, மகரயாழுக்குப் பத்தொன்பது, சகோடயாழுக்குப் பதினான்கு, செங்கோட்டியாழுக்கு ஏழு என உரையாசிரியர் எண்ணுக் கூறுவர். கருவியோ மறைந்து நெடுங்காலமாயிற்று. கண்ணாற் காணாத கருவியைச் சொற்களைக்கொண்டு மீட்டெடுப்பது எங்ஙனம்? பண்டிதர் மட்டுமாயிருந்தால் சொற்பொருள் கூறி நின்றிருப்பார். பத்திரிசியார் கல்லூரியிலே நரம்பின் அதிர்வை மாணவர்க்கு விளக்கியவராதலின், அடிகளார் எண்ணைப் பிடித்துக்கொண்டார். இழுவிசை மாறாத நரம்பொன்றின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இருமடங்காகி, அதே சுரம் மேற்றானத்தில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் அதிர்வெண் ஒன்றரை மடங்காகும். குரல் நரம்புக்கு ஐந்தாவதாகிய இளி ஒலிக்கும். இளியினின்று மீண்டும் அவ்வாறே அளந்தால் துத்தம் தோன்றும். இவ்வாறு பழைய உரைகளிற் பொதிந்துள்ள முறையையும், இருபத்திரண்டு அலகு என்னும் கணக்கையும் எண்களாக்கி, பண்களின் இயல்பைக் கணித்து, பாயிரவியல் முதல் ஒழிபியல் ஈறாக ஏழு இயல்களில் நூலை யாத்தார்.

நூல் எளிதன்று. நாம் அதனை மூன்றுமுறை தொடங்கி, மூன்றுமுறையும் இசைநரம்பியலில் நின்றுவிட்டோம் என்பதை ஒளிக்கவேண்டியதில்லை. நமக்கு எட்டாதது சொற்கள் அல்ல, பின்னங்கள்.

1947ஆம் ஆண்டு யூன் மாதம் 5ஆம், 6ஆம் நாட்களிலே, கரந்தைத் தமிழ்ச் சங்கத்தாரின் ஆதரவில், தஞ்சை நாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே யாழ்நூல் அரங்கேறியது. அடிகளார் அப்போது உடல்நலம் குன்றியிருந்தார். அவர் கணித்தவாறு செய்யப்பட்ட யாழ்கள் அவ்வரங்கில் இசைக்கப்பட்டன. ஈழத்துக்குத் திரும்பிய அடிகளார், அதே ஆண்டு யூலை 19ஆம் நாள் கொழும்பிலே காலமானார். திருமேனி மட்டக்களப்புக்குக் கொண்டுவரப்பட்டுச் சிவாநந்த வித்தியாலய வளாகத்திலே அடக்கம் செய்யப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகள் ஓடியாடும் இடத்துக்கு அணித்தே அச்சமாதி உள்ளது.

தொடக்கத்திற் கூறிய மாணவனை மறந்தோமல்லோம். சில மாதங்களின் பின், கணித மன்றத்தின் விழாவுக்குக் கட்டுரைப்பொருள் ஒன்று தேடி அவன் நம்மிடம் வந்தான். அலுமாரியிலிருந்து யாழ்நூலை எடுத்து, நாம் இடறிநின்ற பக்கங்களைக் காட்டி, "இதனை எமக்கு விளக்கிக் காட்டு" என்றோம். இரு கிழமைகளின் பின் நூலோடு இரண்டு தாள்களையும் தந்தான். குரலினின்று இளி, இளியினின்று துத்தம் எனப் பன்னிரண்டு படிகள் ஏறிச்சென்றால், மீண்டும் குரலிலே முடியவேண்டும் என எண்ணி அவன் கணக்கிட்டிருந்தான். முடிவிலே 531441இன் கீழ் 524288 என்றொரு பின்னம் நின்றது, ஒன்று வரவில்லை. எங்கோ தவறிவிட்டான் என எண்ணி, நாம் சிவப்பு மையால் வட்டமிட்டு, "மீண்டும் பார்க்க" என எழுதினோம்.

ஆசிரியர் அறையிலே கணித ஆசிரியரிடம் அத்தாளைக் காட்டினோம். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "பையனுடைய கணக்குச் சரி, இசைதான் அப்படி. ஒன்றரையை எத்தனை முறை பெருக்கினாலும் இரண்டின் பெருக்கத்தோடு பொருந்தாது. இதைச் சரிக்கட்டத்தானே உலகமெங்கும் இசைவாணர் பாடுபட்டார்கள்" என்றார். பின்னர், யாழ்நூலைத் தமக்கு ஒரு கிழமை தரவேண்டுமெனக் கேட்டு வாங்கிச் சென்றார். நாம் மாணவனை அழைத்து, அவன் முன்னிலையிலேயே சிவப்பு வட்டத்தை வெட்டி, கீழே கையொப்பமிட்டுக் கொடுத்தோம். போகும்போது, திருப்பித் தந்த இலக்கண நூலையும் உரிச்சொற் பகுதி ஒன்று பார்ப்பதற்கெனக் கேட்டு எடுத்துச் சென்றான். அஃது இன்னும் திரும்பி வரவில்லை.